வேர் மூச்சு விடும் காடு

தோழிகளே, விடுமுறையில் பிச்சாவரம் போனோம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள உப்பங்கழி அது. ஒரு துடுப்புப் படகில் ஐந்து பேர்.

வாய்க்காலின் இருபுறமும் சுரபுன்னை முட்டுக் கொடுத்த மாதிரி வேர் ஊன்றி நிற்கிறது. வெண்கண்டலின் வேர்களோ பென்சில் மாதிரி சேற்றுக்கு மேலே நீட்டிக்கிட்டு இருக்கு. ஏன்? உப்புச் சேற்றுக்குள் காற்று கிடைக்காது. வெளியே நீட்டிய வேரிலுள்ள சிறு துளைகள் வழியாகத்தான் வேர் சுவாசிக்கிறது.

நிழலில் படகை நிறுத்திப் புளிசோறு சாப்பிட்டோம். காலிக் கவரை நான் தண்ணீரில் போட்டுட்டேன். படகுக்காரத் தாத்தா துடுப்பால் அதை எடுத்தார். "பாப்பா, இது வேரை மூடிட்டா மரம் செத்துடும். 2004 சுனாமியில அலையோட வேகத்தைக் குறைச்சு எங்களைக் காப்பாத்துனது இந்த மரம்தான்" என்றார். வெட்கமாப் போச்சு. திரும்பும்போது கைக்கு எட்டிய கவரையெல்லாம் பொறுக்கினோம்.

நீங்களும் போங்கள். உங்கள் கவர் உங்கள் பையிலேயே திரும்பட்டும்.