குழந்தையின் தட்டைத் தலையும் தலைக்கவசச் சிகிச்சையும்

எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளிப் பிரிவுக்கு நான்கு, ஐந்து மாதக் குழந்தையுடன் வரும் தாய்மார்களுள் சிலர், தடுப்பூசி, எடை, சளி எல்லாவற்றையும் பேசி முடித்து எழும் வேளையில், சற்றுத் தயங்கிக் குழந்தையின் தலையைத் திருப்பிக் காட்டுவார்கள். "இந்தப் பக்கம் மட்டும் சப்பையாக இருக்கிறதே டாக்டர், சரியாகிவிடுமா?" என்பார்கள். உடன் வந்த தந்தையின் கைப்பேசியில், வண்ணத் தலைக்கவசம் அணிந்த வெளிநாட்டுக் குழந்தை ஒன்றின் படம் தயாராக இருக்கும். மூளை பாதிக்கப்படுமோ, இது நம் கவனக்குறைவால் வந்ததோ, காலம் கடந்துவிட்டதோ என்ற மூன்று அச்சங்கள் அந்தக் கேள்விக்குள் இருப்பதை நாங்கள் அறிவோம்.

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பால் ஆனதன்று. மெல்லிய எலும்புத் தகடுகள் பல, நெகிழ்வான இணைப்புகளால் சேர்ந்திருக்கின்றன. அவை கூடும் இடைவெளியே நாம் உச்சிக்குழி என்று சொல்வது. பிறக்கும்போது ஏறத்தாழ 34 செ.மீ. இருக்கும் தலைச்சுற்றளவு, முதல் மூன்று மாதங்களில் மாதத்திற்குச் சுமார் 2 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் 1 செ.மீ., அதன்பின் அரை செ.மீ. என்ற அளவில் வளர்ந்து, ஓராண்டு நிறைவில் 45 அல்லது 46 செ.மீ.யை எட்டுகிறது. கொடியில் காய்த்துத் தரையில் கிடக்கும் பூசணி, தரையைத் தொடும் பக்கம் தட்டையாகவும் மற்றப் பக்கங்களில் உருண்டையாகவும் வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். எப்போதும் ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுக்கும் குழந்தைக்கும் அதுவே நேர்கிறது. எலும்பு நசுங்குவதில்லை, தடுக்கப்பட்ட திசையை விட்டு, தடையற்ற திசையில் வளர்கிறது. எனவே, தட்டையான பக்கத்திற்கு இடம் கொடுத்தால் அதே வளர்ச்சி பெருமளவு அதை நிரப்பியும் விடும். அதற்குக் கிடைக்கும் காலம் மட்டும் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது.

இது அரிய நிலையும் அன்று. நியூசிலாந்தில் 200 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து இரண்டு வயது வரை தொடர்ந்து அளந்து, 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், நான்கு மாத வயதில் ஐந்தில் ஒரு குழந்தைக்குத் தட்டைத் தலை இருந்தது. எட்டு மாதத்தில் அது 9 விழுக்காடாகவும், இரண்டு வயதில் 3 விழுக்காடாகவும் குறைந்தது. தலைச்சன் குழந்தை, ஆண் குழந்தை, இரட்டையர், குறைமாதத்தில் பிறந்தோர் ஆகியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

மூளையைப் பற்றிய அச்சத்திற்கு விடை இது. கிடந்த நிலையால் உண்டாகும் தட்டைத் தலையில் மூளைக்கான இடம் குறைவதில்லை, உள்ளழுத்தமும் கூடுவதில்லை. இக்குழந்தைகளுள் சிலர் கழுத்து நிற்பதிலும் உட்காருவதிலும் சற்றுத் தாமதிப்பதாகச் சில ஆய்வுகள் கூறுவது உண்மையே. எங்கள் கருத்தில், அங்கே காரணமும் விளைவும் பெரும்பாலும் இடம் மாறி நிற்கின்றன. குறைவாக அசையும் குழந்தை ஒரே நிலையில் அதிக நேரம் கிடக்கிறது; அதனால் தலை தட்டையாகிறது. ஆகவே தட்டைத் தலையைக் காணும்போது குழந்தையின் வளர்ச்சிப் படிகளையும் நாங்கள் சோதிக்கிறோம். வளர்ச்சியில் தாமதம் இருந்தால் அதற்குரிய பயிற்சி வேறு; தலைக்கவசம் அதற்கு மருந்தாகாது.

இனிப் பழி பற்றிய பேச்சு. "நாங்கள் சொன்னபடி தலையை உருட்டிப் பிடித்துவிட்டிருந்தால் இப்படி ஆகுமா?" என்று பாட்டி கேட்க, தாய் தலைகுனிந்து நிற்பதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். குளிப்பாட்டும்போது கையால் அழுத்துவதால் எலும்பின் வடிவம் மாறுவதில்லை. உச்சிக்குழிப் பகுதியை அழுத்துவது ஆபத்தும்கூட. குழந்தையை மல்லாந்து படுக்கவைத்த தாய் தவறு எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்.

இதைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைத்துத் தூங்கச் செய்ய வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 1994இல் அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. அதன்பின் வந்த ஆண்டுகளில் அங்கே உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. தட்டைத் தலையுடன் மருத்துவரிடம் வரும் குழந்தைகளின் எண்ணிக்கை அதே காலத்தில்தான் உயர்ந்தது. உயிருக்கு ஈடாகத் தலையின் வடிவத்தில் ஒரு சிறு விலை கொடுக்கப்பட்டது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். தலை திருந்தட்டும் என்று இரவில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்ததாக ஒரு தந்தை எங்களிடம் பெருமையுடன் கூறியபோது, அன்று பார்த்த எந்த நோயைக் காட்டிலும் அதுவே எங்களை அஞ்சவைத்தது. தட்டைத் தலைக்குக் காத்திருந்து பார்க்க நேரம் உண்டு. மூச்சுத் திணறலுக்கு இல்லை. கடுகு நிரப்பிய தலையணை, தலையை உருண்டையாக்கும் என்று விற்கப்படும் பள்ளத் தலையணை ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். இத்தகைய தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022இல் பெற்றோரை எச்சரித்தது.

தலை தட்டையாக இருக்கும் குழந்தையை நாங்கள் முதலில் மேலிருந்து பார்க்கிறோம். கிடந்த நிலையால் வந்த மாற்றமெனில், தட்டையான பக்கத்துக் காது சற்று முன்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். அப்பக்க நெற்றியும் சிறிது முன்னே நிற்கும். தலை முழுவதும் ஒருபுறம் சாய்ந்த சதுரம்போலத் தோன்றும். மண்டையோட்டின் இணைப்பு ஒன்று காலத்திற்கு முன்பே மூடிக்கொண்டிருந்தால் வேறு அடையாளங்கள் இருக்கும்: விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு வரப்பு, காதின் பின்னே ஒரு புடைப்பு, பிறந்த நாள் முதலே காணப்படும் கோணல், எதிர்பார்த்தபடி கூடாத தலைச்சுற்றளவு. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் இந்நிலை காணப்படுகிறது. அதற்கு மூளை நரம்பியல் அறுவை மருத்துவரின் கவனிப்பு தேவை. தலைக்கவசத்தை மட்டும் அணிவித்துவிட்டுக் காத்திருப்பது தவறாகும். பெரும்பாலும் கண்ணும் கையுமே இவ்விரண்டையும் பிரித்தறியப் போதுமானவை. ஐயமிருந்தால் மட்டுமே ஸ்கேன் எடுக்கச் சொல்வோம்.

அடுத்தது கழுத்து. இதில் எங்கள் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மூன்று மாதக் குழந்தை ஒன்றின் தலையைப் பார்த்து, "வளர வளரச் சரியாகிவிடும்" என்று கூறி அனுப்பினோம். ஆறாவது மாதத்தில் அக்குழந்தை திரும்பி வந்தபோது தட்டை கூடியிருந்தது. காதின் பின்னிருந்து நெஞ்செலும்பு வரை இறங்கும் தசை ஒரு பக்கம் இறுகியிருந்ததால், குழந்தையால் தலையை மறுபக்கம் முழுதாகத் திருப்ப இயலவில்லை. முதல் வருகையிலேயே கழுத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "எப்போதும் வலப்பக்கம்தான் பார்க்கிறான்" என்று அந்தத் தாய் அன்றே சொல்லியிருந்தார். நாங்கள்தான் கேட்டும் கேளாதிருந்தோம். இயன்முறைப் பயிற்சியால் கழுத்து சீரானது, தலையும் ஓரளவு திருந்தியது. ஆனால் மூன்று நல்ல மாதங்கள் வீணாயின. அன்று முதல், தட்டைத் தலை என்று யார் வந்தாலும் கழுத்தைச் சோதிக்காமல் நாங்கள் அனுப்புவதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டியவை. குழந்தை வெளிச்சத்தையும் வாசலையும் தாயின் குரலையும் நோக்கித் திரும்பும். ஆகவே ஒருநாள் தலைவைத்த திசையில் மறுநாள் கால் வருமாறு கிடத்துங்கள். தட்டையில்லாத பக்கத்தில் நின்று பேசுங்கள், கிலுகிலுப்பையை ஆட்டுங்கள். புட்டிப்பால் கொடுப்போர் எப்போதும் ஒரே கையில் ஏந்தாமல் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். துணித் தூளியில் குழந்தை ஒரு பக்கமாகவே சரிந்து கிடக்கும். பகலில் நெடுநேரம் அதில் விடுவதைக் குறைத்து, விழித்திருக்கும்போது கைகளில் தூக்கிவைத்திருப்பதே நல்லது. எல்லாவற்றிலும் முக்கியமானது, விழித்திருக்கும் வேளையில் யாராவது அருகிலிருக்கக் குப்புறக் கிடத்தி விளையாடவிடுவது. முதல் வாரங்களில் தாயின் மார்மீதே இதைத் தொடங்கலாம். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. இரண்டு, மூன்று நிமிடங்களாகப் பிரித்து, நாளொன்றுக்கு மொத்தம் அரை மணி நேரமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்துள்ளது. குழந்தை தானே குப்புற விழத் தொடங்கியதும் தலைமீது விழும் அழுத்தம் தானாகவே குறைந்துவிடுகிறது.

இப்போது தலைக்கவசம். 1979இல் அமெரிக்க மருத்துவர்கள் இதன் பயனை முதன்முதலாக விவரித்தனர். 1998 முதல் அந்நாட்டு அரசின் முறையான அனுமதிக்குட்பட்ட மருத்துவச் சாதனமாக இது உள்ளது. பலர் எண்ணுவதுபோல இது தலையை இறுக்கி வடிவமைப்பதில்லை. புடைத்த பக்கத்தைத் தொட்டு நின்று, தட்டையான பக்கத்தில் இடம்விட்டு, வளர்ச்சியை அத்திசையில் செலுத்துகிறது. எனவே வளர்ச்சி வேகமாக இருக்கும் வயதில்தான் பயன் தரும். ஒவ்வொரு குழந்தையின் தலையையும் அளந்து தனியே செய்ய வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 மணி நேரம், சில மாதங்களுக்கு அணிவிக்க வேண்டும். தலை வளர வளர அடிக்கடி சரிசெய்ய வேண்டும்.

பயன் எவ்வளவு? நெதர்லாந்தில் 84 குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆறு மாத வயதளவில் தலைக்கவசம் அணிவித்து, மற்றக் குழுவை இயல்பாக வளரவிட்டு ஒப்பிட்டனர். 2014இல் வெளியான முடிவின்படி, இரண்டு வயதில் இரு குழுக்களின் தலை வடிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டிலுமே முழுமையாகச் சீரானவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். தலைக்கவசம் அணிந்த எல்லாக் குழந்தைகளின் பெற்றோரும் தோல் எரிச்சல், வியர்வை, நாற்றம் போன்ற ஏதேனும் ஓர் இடையூற்றைக் குறிப்பிட்டனர். ஆனால் மிகக் கடுமையான கோணல் உடையவர்களும் கழுத்துத் தசை இறுகியவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே 'தலைக்கவசம் எவருக்கும் பயனற்றது' என்று அதிலிருந்து முடிவுகட்டுவதும் பொருந்தாது. 2016இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்கள் வகுத்த நெறிமுறை, படுக்கை மாற்றமும் பயிற்சியும் செய்த பின்னும் நடுத்தர அல்லது கடும் கோணல் நீடிக்கும் குழந்தைகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறது.

எங்கள் நடைமுறையும் ஏறத்தாழ அதுவே. லேசான, நடுத்தரமான தட்டைக்கு நாங்கள் தலைக்கவசம் பரிந்துரைப்பதில்லை. தலையின் இரு மூலைவிட்ட அளவுகளுக்கு இடையே 12 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்து, இரண்டு மாதம் முறையாகப் பயிற்சி செய்தும் அது குறையாமல், குழந்தைக்கு எட்டு மாதத்திற்குள் இருந்தால் பெற்றோருடன் அமர்ந்து பேசுகிறோம். செலவு கணிசமானது, சித்திரை, வைகாசி வெயிலில் 23 மணி நேரம் என்பது குழந்தைக்கும் வீட்டாருக்கும் எளிதன்று. இவற்றையெல்லாம் அறிந்தபின் வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெற்றோர் குழந்தைக்குத் தீங்கு செய்தவர்கள் ஆகமாட்டார்கள். அணிவிப்போர் நாள்தோறும் கவசத்தின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்த வேண்டும். கழற்றி ஒரு மணி நேரம் கழிந்தும் சிவப்பு மறையாத இடம் இருந்தால், அன்றே வந்து காட்ட வேண்டும்.

பதினோராவது மாதத்தில் முதல் மொட்டை போட்டு, காது குத்தி முடித்த மறுவாரம் வருவோரும் உண்டு. அதுவரை முடி மறைத்திருந்த தட்டை அன்றுதான் அவர்கள் கண்ணில் படுகிறது. அந்த வயதில் தலைக்கவசத்தால் கிடைக்கும் மாற்றம் மிகச் சிறிது. அதற்காகச் செலவிட நாங்கள் சொல்வதில்லை. முடி வளர்ந்து, கழுத்து உரமேறி, குழந்தை ஓடியாடும் பருவத்தில் எஞ்சியிருக்கும் கோணல் பிறர் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

குழந்தை ஒரே பக்கமாகப் பார்ப்பதை முதல் இரண்டு மாதங்களிலேயே கவனித்தால், அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திராமல் அழைத்து வாருங்கள். எலும்பு வரப்பு தட்டுப்பட்டாலும், உச்சிக்குழி புடைத்திருந்தாலும், பயிற்சி செய்தும் கோணல் கூடிக்கொண்டே போனாலும் அவ்வாறே. வரும்போது படங்களும் கொண்டுவாருங்கள்: குளிப்பாட்டி முடி ஈரமாகப் படிந்திருக்கும்போது, உச்சிக்கு நேர் மேலிருந்து, மூக்கும் இரு காதுகளும் தெரியுமாறு மாதத்திற்கு ஒருமுறை எடுத்தவை போதும்.