வாயு விதியும் மனக்கணக்கும்

நீட் தேர்வில் வாயு விதிக் கணக்குகளிலேயே நேரம் கரைந்துவிடுகிறது. கால்குலேட்டரும் கிடையாது. மனத்திலேயே போட வழி உண்டா?
– ஒரு மாணவி, தஞ்சாவூர்

உண்டு; அதுவும் வினாத்தாள் தயாரிப்பவர்களின் தயவாலேயே உண்டு. அவர்கள் பிரியமாகக் கொடுக்கும் 27, 127, 327 டிகிரி செல்சியஸ் ஆகியவற்றோடு 273-ஐக் கூட்டினால் 300, 400, 600 கெல்வின் என்று முழு எண்களே கிடைக்குமாதலால், சூத்திரத்தில் எல்லாவற்றையும் பிரதியிட்டுப் பெருக்கி வகுக்கும் சிரமத்தை விடுத்து, ஆரம்பக் கன அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, உஷ்ணம் உயர்ந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பின்னத்தாலும், அழுத்தம் உயர்ந்தால் ஒன்றுக்குக் குறைந்த பின்னத்தாலும் பெருக்கிவிடுங்கள். 27 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 6 லிட்டராக இருந்த வாயு, 127 டிகிரிக்குச் சூடேறி, இரண்டு வளிமண்டல அழுத்தத்துக்கும் உட்பட்டால், 6-ஐ 4/3-ஆல் பெருக்க 8. அதில் பாதி 4 லிட்டர். அவ்வளவே.

செல்சியஸ் எண் இரட்டித்ததைக் கண்டு கன அளவையும் இரட்டிப்பதுதான் மாணவர்கள் சகஜமாக விழும் பள்ளம். 27 டிகிரி 54 ஆவது, 300 கெல்வின் 327 ஆவதேயன்றி வேறில்லை. ஏற்றம் நூற்றுக்கு ஒன்பதுதான்.

மோல் கணக்குகளுக்கு, வாயு மாறிலியாகிய 0.0821-ஐ 300-ஆல் பெருக்கி வரும் 24.6-ஐ மனனம் செய்துகொள்ளுங்கள். 27 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு மோல் வாயு அடைத்துக்கொள்ளும் லிட்டர் அதுவே. பூஜ்ய டிகிரியில் 22.4. கொடுத்திருக்கும் நான்கு விடைகளும் ஒன்றுக்கொன்று தூரமாக இருந்தால், 24.6-ஐ 25 என்றே கொண்டு தைரியமாகக் கணக்கை முடியுங்கள்.