சாப்பாட்டுக்குப் பின் வரும் நெஞ்செரிச்சல்



தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக்கோளாறு உண்டாயிற்று. பவுல் அதை விசுவாசக் குறைவென்று கடிந்துகொள்ளவில்லை. அக்காலத்து மருந்தாகச் சிறிதளவு திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). இவ்வசனத்தைக் காட்டி என்னிடம் வாதாடும் சகோதரர்கள் உண்டு. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மதுவை விலக்கும்படியே இன்றைய வைத்தியர்கள் சொல்லுகிறார்கள் என்று அவர்களுக்குப் பதில் கூறுகிறேன்.

வார்டுகளில் நான் அதிகமாய்க் கேட்கும் வார்த்தை "வாய்வு". புளியேப்பம், உப்புசம், எரிச்சல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் திரும்பி ஏறுவதே பெரும்பாலும் எரிச்சலுக்குக் காரணம். அளவாய் உண்ணுங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே இராச்சாப்பாட்டை முடியுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணைகளை மட்டும் அடுக்கினால் வயிறுதான் மடங்கும். புகையிலையை விடுங்கள்.

வயிற்றுப்புண் காரத்தினாலும் கவலையினாலும் வருகிறதென்றே நெடுங்காலம் நம்பினோம். 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இரு வைத்தியர்கள், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசோதனையில் இக்கிருமி தெரிந்தால் வழக்கமாக 14 நாள் மருந்து தருவார்கள், பாதியில் நிறுத்தலாகாது. மூட்டுவலிக்கென்று கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் புண் உண்டாக்கும். மலம் தார்போல் கறுத்தாலோ, விழுங்கக் கடினமானாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சர்க்கரை வியாதியுள்ள முதியவர் ஒருவருக்குக் கல்யாண விருந்து முடிந்த இரவில் நெஞ்சில் பாரமும் வேர்வையும் கண்டது. வீட்டார் சோடாவும் ஓமத்தண்ணீரும் கொடுத்து விடியும்வரை காத்திருந்தார்கள். காலையில் எடுத்த ஈசிஜி மாரடைப்பைக் காட்டியது. நெஞ்சுப் பாரத்தோடு வேர்வையோ, மூச்சுத்திணறலோ, தாடையிலும் கையிலும் வலியோ சேர்ந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் பிழைத்தார், ஆனால் இப்போது ஆலயப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஜெபிக்கச் சென்ற என்னிடம் அவர் மனைவி சொன்னார்: "சாப்பிட்ட பிறகுதானே வந்துச்சு, ஐயா. வாய்வுன்னுதான் நினைச்சோம்."