பதினான்காம் நாளை எங்கிருந்து எண்ணுவது?

செவிலிய மாணவ மாணவியர் இம்மாதம் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் நாள் கணக்கைப் பற்றியவை. மகப்பேறு செவிலியம் கற்பிக்கும் ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: மேடம், 28 நாள் சுழற்சியில் 14-ஆம் நாள் கருமுட்டை வெளியேறும் என்று படித்தோம். எனக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வருகிறது. அப்படியானால் பாதிக்குப் பாதி கணக்கில் 17-ஆம் நாளா? இது நோயா?
— பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு மாணவி, தேனி

பதில்: நோய் இல்லை. வயது வந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாள் வரை எதுவும் இயல்புதான். பூப்படைந்த முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரைகூடப் போகலாம். ஆனால் பாதியாக வகுத்ததுதான் தவறு. உங்களுக்குக் கருமுட்டை வெளியேறுவது ஏறக்குறைய 21-ஆம் நாளில்.

சுழற்சியின் முதல் பகுதி நீளும், குறுகும். பிட்யூட்டரி சுரக்கும் எஃப்.எஸ்.எச். சினைப்பையில் பல நுண்பைகளை வளரத் தூண்டுகிறது. அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு ஈஸ்ட்ரோஜனைப் பெருக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் அளவு சுமார் இரண்டு நாள் உயர்ந்தே நின்றால், அதுவரை பிட்யூட்டரியை அடக்கிவைத்த அதே ஹார்மோன் அதைத் தூண்டிவிடத் தொடங்கும். உடனே எல்.எச். சட்டென்று ஏறும். அது ஏறத் தொடங்கி 36 மணி நேரம் போல ஆனதும் கருமுட்டை வெளியேறும். காய்ச்சல், பரீட்சைப் பதற்றம், எடைக் குறைவு என எது வந்தாலும் தள்ளிப்போவது இந்த முதல் பகுதிதான்.

முட்டை வெளியேறிய பிறகு மிஞ்சும் நுண்பை கார்பஸ் லூட்டியமாக மாறுகிறது. கரு தங்காவிட்டால் அதன் ஆயுள் ஏறத்தாழ 14 நாள். இந்த இரண்டாம் பகுதி பெரும்பாலும் மாறாது. எனவே 14 என்பதை அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 28-இல் 14 கழித்தால் 14. 35-இல் 14 கழித்தால் 21.

அடுத்த மாதவிடாய் வந்த பிறகுதான் இந்தக் கணக்கு உறுதியாகும் என்பதையும் மறக்காதீர்கள். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டையின் ஆயுளோ ஒரு நாளுக்குள். ‘பாதுகாப்பான நாள்’ பார்த்துக் கருத்தடை செய்ய நினைப்பவர்களுக்கு அந்தக் கணக்கு காலைவாரிவிடுவது இதனால்தான்.

கேள்வி: ஃபாலிகுலர், லூட்டியல் என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. புரொலிஃபரேட்டிவ், செக்ரீட்டரி என்று இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. தேர்வில் இரண்டையும் குழப்பிவிடுகிறேன்.
— டிப்ளமா நர்சிங் மாணவி, விழுப்புரம்

பதில்: முதல் ஜோடி சினைப்பையில் நடப்பதைச் சொல்கிறது. இரண்டாவது ஜோடி கருப்பையின் உட்சுவரில், அதாவது எண்டோமெட்ரியத்தில் நடப்பதைச் சொல்கிறது. நாட்கள் ஒன்றே, இடம்தான் வேறு. சினைப்பையில் நுண்பை வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கும்போது, கருப்பையில் உட்சுவர் தடிக்கிறது. கார்பஸ் லூட்டியம் ப்ரொஜெஸ்டிரோன் சுரக்கும்போது, தடித்த சுவரின் சுரப்பிகள் கருவுக்கான ஊட்டத்தைச் சுரக்கின்றன. படம் வரையும்போது மேலே சினைப்பை, நடுவில் ஹார்மோன், கீழே கருப்பை என்று ஒரே நாள் கோட்டில் வரைந்து பழகுங்கள். பிறகு குழம்பாது.

கார்பஸ் லூட்டியம் சுருங்கியதும் ப்ரொஜெஸ்டிரோன் விழுகிறது. சுருள் தமனிகள் இறுகி, உட்சுவரின் மேலடுக்கு ரத்த ஓட்டம் இழந்து உதிர்கிறது. அடியடுக்கு அப்படியே இருந்து அடுத்த மாதச் சுவரை வளர்க்கிறது. அந்த நேரத்தில் வெளிப்படும் புரோஸ்டாகிளாண்டின்களால்தான் கருப்பை இறுகி வயிறு வலிக்கிறது. மெஃபனமிக் அமிலம் வலியைக் குறைப்பது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்து.

வழக்கமாக ஒரு மாதவிடாயில் போகும் ரத்தம் 30 முதல் 40 மி.லி.; 80 மி.லி.க்கு மேல் போனால் அதிகம். எந்த நோயாளியும் மி.லி. கணக்குச் சொல்ல மாட்டார். ஒரு நாளில் எத்தனை நாப்கின், முழுதாக நனைகிறதா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுகின்றனவா என்று கேளுங்கள்.

கேள்வி: பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணுக்கு ஸ்கேனில் கர்ப்பம் 6 வாரம் 2 நாள் என்று வந்தது. கணவர் வெளிநாட்டிலிருந்து வந்தே 5 வாரம்தான் ஆகிறது. மாமியார் முகம் மாறிவிட்டது. நாங்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றோம்.
— பி.எஸ்சி. நர்சிங் மூன்றாமாண்டு மாணவி, சிவகங்கை

பதில்: ஸ்கேன் சொன்னதும் சரி, அந்தப் பெண் சொன்னதும் சரி. கர்ப்ப வாரம் எண்ணப்படுவது கரு உருவான நாளிலிருந்து இல்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. கரு உருவாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆக 6 வாரம் 2 நாள் கர்ப்பம் என்றால், கரு உருவாகி 4 வாரம் 2 நாள் ஆகிறது. கணவர் அப்போது வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

கரு உருவான நாளைப் பெரும்பாலோர் சொல்ல முடியாது, மாதவிடாய் வந்த நாளைச் சொல்ல முடியும் என்பதால் மருத்துவம் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டது. 40 வாரக் கர்ப்பத்தில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கருவே கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த செவிலியர் ஒரு குடும்பம் உடையாமல் காப்பாற்ற முடியும். ஆனால் முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் மாமியாரிடம் விளக்குங்கள். அறிக்கை அவருடையது.

கேள்வி: நெகலே விதியில் பிரசவத் தேதி போடத் தெரியும். ஆனாலும் ஸ்கேன் தேதியும் என் தேதியும் ஒத்துப்போவதே இல்லை. எங்கே தவறுகிறேன்?
— ஏ.என்.எம். பயிற்சி மாணவி, அரியலூர்

பதில்: ஜெர்மானிய மருத்துவர் நெகலே பெயரால் வழங்கும் விதி இது: கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 7 நாள் கூட்டி, 3 மாதம் கழித்து, ஓர் ஆண்டு கூட்ட வேண்டும். ஜூன் 10 என்றால் அடுத்த மார்ச் 17. மொத்தம் 280 நாள்.

இந்த விதி 28 நாள் சுழற்சியை மனத்தில் வைத்துப் போட்டது. 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை 7 நாள் தாமதமாக வெளியேறுவதால் இன்னொரு 7 நாள் கூட்ட வேண்டும். மேலே சொன்னவருக்கு மார்ச் 24. முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அடுத்து, அவர் சொல்லும் தேதி எது என்று பாருங்கள். ‘தலைக்குக் குளித்த நாள்’ என்று பலர் சொல்வார்கள். அது ரத்தம் கண்ட முதல் நாள் ஆகாது, சில நாள் பிந்தியது. ‘ஆடிப் பதினெட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி’ என்று சொன்னால் காலண்டரைக் கையில் கொடுத்துத் தேட விடுங்கள். கருத்தடை மாத்திரையை அண்மையில் நிறுத்தியவருக்கும், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கருவுற்றவருக்கும் இந்த விதி சரியாக வராது.

ஐயம் இருந்தால் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனை நம்புங்கள். மாதம் ஏற ஏற ஸ்கேன் சொல்லும் நாளில் பிசகு கூடும். எந்தக் கணக்காக இருந்தாலும், குறித்த அதே தேதியில் பிரசவிப்பவர்கள் ஏறக்குறைய இருபதில் ஒருவர்தான். தாயிடம் ‘இந்தத் தேதி’ என்று சொல்லாமல் ‘இந்தத் தேதியை ஒட்டி’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: கரு உருவாவது கருக்குழாயில், வளர்வது கருப்பையில். ஒரே இடத்தில் நடக்கக் கூடாதா? குழாயிலேயே தங்கிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?
— பி.எஸ்சி. நர்சிங் இரண்டாமாண்டு மாணவர், நாமக்கல்

பதில்: கருக்குழாய் சுமார் 10 செ.மீ. நீளம். அதில் அகலமான ஆம்புல்லா பகுதியில் விந்தணுவும் முட்டையும் சேர்கின்றன. குழாயின் உள்ளே உள்ள நுண்மயிர்களும் தசை அசைவும் கருவைத் தள்ளிக்கொண்டு போக மூன்று, நான்கு நாள் ஆகிறது. ஆறேழு நாள் ஆனதும் கரு உட்சுவரில் பதியத் தொடங்குகிறது. பதிந்த பிறகுதான் ஹெச்.சி.ஜி. தாயின் ரத்தத்தில் ஏறும். உறவு கொண்ட மறுநாளே சிறுநீர்ச் சோதனை அட்டையில் எதுவும் தெரியாததற்குக் காரணம் இது. நாள் தள்ளிப்போன பிறகு பார்த்தால் நம்பலாம். அந்த ஹெச்.சி.ஜி.தான் கார்பஸ் லூட்டியத்தைச் சுருங்கவிடாமல் காக்கிறது. எட்டு, பத்து வாரத்தில் நஞ்சுக்கொடி ப்ரொஜெஸ்டிரோன் வேலையைத் தானே ஏற்றுக்கொள்ளும்.

பழைய தொற்றால் நுண்மயிர்கள் கெட்டிருந்தால் கரு வழியிலேயே தங்கிவிடலாம். குழாய்ச் சுவருக்குக் கருப்பைபோல விரியத் தெரியாது, கிழிந்துவிடும். நாள் தள்ளிப்போயிருக்கும், அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, கொஞ்சம் ரத்தக்கசிவு, தலைசுற்றல். சிலருக்குத் தோள்பட்டை நுனியில் வலிக்கும். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. வெளியே தெரியும் ரத்தத்தை வைத்து இழப்பை அளக்காதீர்கள். இளம் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் கடைசி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். நாடித்துடிப்பு முன்னதாகவே ஏறும். வாயில் எதுவும் கொடுக்காமல், பெரிய ஊசியில் ஐ.வி. போட்டு, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கருப்பை உச்சி தொப்புளுக்கு வருவது ஒரு புத்தகத்தில் 20 வாரம், இன்னொன்றில் 24 வாரம். எதை எழுதுவது?
— பி.எஸ்சி. நர்சிங் மூன்றாமாண்டு மாணவி, கரூர்

பதில்: இந்திய நூல்கள் பலவற்றில் 24, மேனாட்டு நூல்களில் 20. தேர்வுக்கு உங்கள் பாடநூல் சொல்வதை எழுதுங்கள். வார்டில் தொப்புளை மட்டும் நம்பாதீர்கள். அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும். 12 வாரத்தில் உச்சி பூப்பெலும்புக்குச் சற்று மேலே தட்டுப்படும். 36 வாரத்தில் மார்பெலும்பின் நுனியை எட்டும். கடைசி வாரங்களில் குழந்தையின் தலை இறங்குவதால் மறுபடி தாழும். 24 வாரத்துக்குப் பிறகு டேப் வைத்து அளந்தால், செ.மீ. எண்ணும் வார எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இரண்டு கூடலாம், குறையலாம்.

அளக்கும் முன் சிறுநீர் கழித்துவரச் சொல்லுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை உச்சியைத் தூக்கிக் காட்டும். கருப்பை வலப்பக்கம் சாய்ந்திருந்தால் நடுவுக்குக் கொண்டுவந்து அளங்கள். எண் ஒத்துவராவிட்டால் இரட்டைக் குழந்தை, பனிக்குட நீர், வளர்ச்சிக் குறைவு என்று யோசிக்கும் முன் மாதவிடாய்த் தேதியை மறுபடி கேளுங்கள்.

கேள்வி: ரத்தமே போகாத கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் ஏன் இறங்குகிறது?
— ஏ.என்.எம். பயிற்சி மாணவி, ராமநாதபுரம்

பதில்: ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது; சிவப்பணுக்கள் 20 முதல் 30 சதவீதம்தான் கூடுகின்றன. அணுக்கள் குறையவில்லை, ரத்தம் நீர்த்திருக்கிறது. அதற்காக எல்லாவற்றையும் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையானது, மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடக் கூடாது. கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாததால் பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டவர்கள் நிறைய.

கேள்வி: மயோமெட்ரியத்தில் மூன்று அடுக்குத் தசை, எது எந்தத் திசை என்று மனப்பாடம் செய்வதால் என்ன பயன்?
— டிப்ளமா நர்சிங் மாணவர், திருநெல்வேலி

பதில்: நடு அடுக்கை மட்டுமாவது மறக்காதீர்கள். அதன் இழைகள் எட்டுப் போட்டதுபோல ஒன்றையொன்று பின்னிக் கிடக்க, அவற்றின் ஊடே ரத்தக்குழாய்கள் போகின்றன. நிறைமாதத்தில் கருப்பைக்குள் நிமிடத்துக்கு 500 மி.லி.க்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அத்தனை குழாயும் திறந்து கிடக்கும். தசை இறுகும்போது சுருக்குப்பையின் கயிற்றை இழுத்ததுபோல இழைகள் அந்தக் குழாய்களை நெரித்து மூடுகின்றன. ரத்தம் உறைவதற்கு முன்பே தாயைக் காப்பாற்றுவது இந்த நெரிப்பு.

குழந்தை பிறந்து ஒரு நிமிடத்துக்குள், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போடச் சொல்வது இதற்காகத்தான். பிரசவித்த தாயின் வயிற்றில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கைவைத்துப் பார்க்கும்போது நீங்கள் தேடுவதும் இந்த இறுக்கத்தைத்தான். கருப்பை தளர்ந்து கொழகொழவென்று இருந்தால் உதவிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டே தேய்த்துவிடுங்கள், சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள்; நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையை இறுக விடாது. கருப்பை கல்போல இறுகியும் ரத்தம் நிற்கவில்லை என்றால், தேய்ப்பதில் நேரத்தைக் கழிக்காதீர்கள். கருப்பை வாயிலோ பிறப்புறுப்பிலோ கிழிசல் இருக்கும். மருத்துவர் வெளிச்சம் வைத்து அதைத் தேடியாக வேண்டும்.