வாடை தொடங்கும் முன் படகின் கழிப்பறையைக் கவனியுங்கள்

அக்டோபர் முடியப்போகிறது. தென்மேற்குக் காற்று அடங்கி, அந்தமான் கடலில் வாடை நிலைகொள்ள இன்னும் சில வாரங்களே உள்ளன. 1987இல் தொடங்கிய புக்கெட் கிங்ஸ் கப் பாய்மரப் போட்டி டிசம்பர் முதல் வாரத்தில் வருகிறது. லங்காவியில் குவாவிலும் தெலாகாவிலும் மே மாதத்திலிருந்து கட்டிக்கிடந்த படகுகளில் பாயும் எஞ்சினும் இப்போது சோதிக்கப்படுகின்றன. கழிப்பறைக் கதவை யாரும் திறப்பதில்லை. ஐந்து மாதச் சும்மாயிருப்பில் அதிகம் கெடுவது அந்தக் கடல்நீர்க் கழிப்பறைதான். இந்த வாரமே அதில் கை வையுங்கள்.

பீங்கானைக் கழுவுவதில் தொடங்க வேண்டாம். படகின் அடியில் உள்ள ஓட்டையில் தொடங்குங்கள். கடல்நீர் உள்ளே வரும் வாயிலும் கழிவு வெளியேறும் வாயிலும் தலா ஒரு சீகாக் வால்வு இருக்கும். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 19 மில்லிமீட்டர் குழாய் ஒன்று கழன்றால் நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் பாயும். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு டன். துறையில் ஆளில்லாமல் நிற்கும் படகு மூழ்க ஓர் இரவு போதும். அதனால் இரண்டு வால்வுகளையும் முழுதாக மூடி, முழுதாகத் திறந்து, மறுபடி மூடிப் பாருங்கள். இறுகியிருந்தால் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நெம்பாதீர்கள். பழைய வால்வின் கழுத்து உடைந்தால், கடலுக்கும் உங்களுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இருக்காது. படகைக் கரையேற்றிக் கழற்றுங்கள். வெண்கலம் என்று நம்பி வாங்கியது வெறும் பித்தளையாக இருப்பதும் உண்டு. பித்தளையிலிருந்து துத்தநாகம் கடல்நீரில் கரைந்து போய்விடும், எஞ்சுவது செம்பு. சுரண்டிய இடம் மஞ்சளாக மின்னாமல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த வால்வை ஒரு பருவம்கூட நம்பாதீர்கள்.

ஹோஸ் முனை ஒவ்வொன்றிலும் இரண்டு கிளிப் இருக்கட்டும். துரு பெரும்பாலும் பட்டையின் அடிப்பக்கத்தில்தான் பிடிக்கும், சின்னக் கண்ணாடியை நுழைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வால்வின் அருகிலும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அலமாரியில் பத்திரமாக வைத்த கட்டை அவசரத்துக்கு அகப்படாது.

அடுத்தது நாற்றம். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் தேவையில்லாமல் பணம் செலவழிக்கிறார்கள். பம்பை முதல்முறை அழுத்தியதும் அழுகிய முட்டை வாடை எழுந்தால் அதற்குக் காரணம் மலமல்ல, உள்ளே வரும் ஹோஸில் தேங்கிய கடல்நீர். அதிலிருந்த நுண்ணுயிர்கள் செத்து அழுக, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கந்தக வாயுவாக மாற்றுகின்றன. லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்குச் சல்பேட் கடல்நீரிலேயே இருக்கிறது. நம் வெப்பத்தில் வேலை வேகமாக நடக்கும். வால்வை மூடி, அந்த ஹோஸைக் கழற்றி நல்ல தண்ணீர் வாளியில் முக்கிப் பம்பு செய்யுங்கள். இனிப் படகைப் பூட்டிவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்யுங்கள். குடிநீர்த் தொட்டியோடு மட்டும் கழிப்பறையை நேராக இணைக்கவே கூடாது.

இரண்டாவது வகை, எத்தனை கழுவினாலும் அறையிலேயே தங்கும் வீச்சம். அது கழிவு ஹோஸின் சுவர் வழியாகக் கசிவது. சுடுநீரில் நனைத்த துணியைப் பிழிந்து ஹோஸைச் சுற்றிக் கட்டி, ஆறியதும் துணியை முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் ஹோஸை மாற்றியே ஆகவேண்டும். வாசனைத் திரவம் எதுவும் அதைக் காப்பாற்றாது.

பம்பு இறுகிவிட்டது என்று புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது கழிவுக் குழாயை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியமும், 1300 மில்லிகிராம் மெக்னீசியமும் உண்டு. சிறுநீர் குழாயிலேயே தங்கும்போது யூரியா சிதைந்து அம்மோனியா உண்டாகிறது, தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது, இந்த உப்புகள் கல்லாகப் படிகின்றன. சில ஆண்டுகளில் 38 மில்லிமீட்டர் குழாய் விரல் நுழையும் துளையாகச் சுருங்கிவிடும். என் படகில் கழற்றிய குழாயைப் படகுத்துறைப் பலகையில் ஓங்கி அடித்தபோது ஓடு ஓடாக உதிர்ந்தது. அதற்கு முன் புதுப் பம்பு வாங்கியது வீண்.

படியாமல் காக்கப் பம்பை இன்னும் சில தடவை அடித்தால் போதும். 38 மில்லிமீட்டர் குழாயின் ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு லிட்டருக்குச் சற்றே அதிகமாகத் தண்ணீர் நிற்கும். உங்கள் குழாய் மூன்று மீட்டர் என்றால் மூன்றரை லிட்டர் தள்ளினால்தான் கழிவு முழுவதும் வெளியேறும். உங்கள் பம்பு எத்தனை அடிக்கு ஒரு லிட்டர் இழுக்கிறது என்று வாளி வைத்து இன்றே அளந்து, எண்ணைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். விருந்தினருக்கும் அது உதவும். மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றி இரவு முழுக்கக் குழாயில் நிறுத்துங்கள். வினிகரோடோ வேறு அமிலத்தோடோ பிளீச்சைச் சேர்க்காதீர்கள். அந்தச் சின்ன அறையில் குளோரின் வாயு எழும்.

வாத்து அலகுபோல உதடு பிரியும் ஜோக்கர் வால்வை ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். கழுவிய பிறகும் கழிவு நீர் மெல்லத் திரும்பி வந்தால் அதன் உதடு விறைத்துவிட்டது. பம்பைத் திறந்திருக்கும்போதே உள்சுவரில் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். எஞ்சின் எண்ணெய் ரப்பரை ஊதவைத்துவிடும்.

நீர்மட்டத்துக்கு மேலே வளைந்து போகும் குழாயின் உச்சியில் காற்று வால்வு இருக்கும். உப்பு அடைத்து அது திறக்காமல் போனால், கடல் தானாக உள்ளே உறிஞ்சப்படும். கழற்றி வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஊதிப் பாருங்கள்.

கழிவுத் தொட்டி இருந்தால் துறைக்குள்ளும் பூலாவ் பாயார் பவளத்திட்டுகள் அருகிலும் அதை மூடியே வைத்திருங்கள். கழிவின் சத்து பாசியை வளர்க்கும், பாசி பவளத்தை மூடும். பெரிய கப்பல்களுக்கான மார்போல் விதி, பதப்படுத்தாத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடச் சொல்கிறது. சிறு படகுக்காரர்களும் அதையே அளவாக எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் பூட்டிய பின் இரண்டு வால்வுகளையும் திறந்து, ஒவ்வொரு இணைப்பின் கீழும் உலர்ந்த காகிதம் வைத்து, ஒரு மணி நேரம் படகிலேயே இருங்கள். காகிதம் நனையவில்லை என்றால் வால்வுகளை மூடிவிட்டு இறங்கலாம்.