ஸ்பீக்கர் வயரின் முனையில் எதைப் போடுவது?

வீட்டு ஆடியோ சாமான்கள் விற்கும் நம் உறுப்பினர்களிடம் வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் கேள்வி, "தங்க முலாம் பூசிய பின் போட்டால் சத்தம் நன்றாக வருமா?" என்பது. "வரும்" என்று சொல்லி விற்றுவிடலாம். ஆனால் விவரம் சொல்லி விற்கும் கடைக்குத்தான் அவர் மறுபடி வருவார்.

முதலில் கணக்கு. 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம் தடை. ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக, வர 10 மீட்டர், மொத்தம் 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது நூற்றில் ஒன்றரைப் பங்கு. இறுக்கமான, சுத்தமான இணைப்பின் தடை இதைவிட மிகக் குறைவு. தளர்ந்து களிம்பேறிய இணைப்போ கரகரக்கும்; விட்டு விட்டுப் பாடும். மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளி, செம்பு இரண்டுக்கும் அடுத்ததுதான் தங்கம். அது நம் சென்னையின் ஈரக் காற்றிலும் கறுக்காது என்பதே முலாமின் பயன்.

இனி வகைகள்.

1. வெறும் வயர்: தரத்தில் குறைவில்லை. ஆனால் ஓர் இழை பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டால் ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபயரே போய்விடலாம். முனையில் ஈயம் பற்றவைத்துத் திருகில் இறுக்கக் கூடாது. ஈயம் நாளடைவில் நசுங்கித் தளரும்.

2. பனானா பின்: 4 மி.மீ. துளைக்கானது. அடிக்கடி கழற்றி மாட்டுபவருக்கு ஏற்றது. ஸ்பிரிங் பிடிப்பைக் கையில் சோதித்துக் கொடுங்கள்.

3. ஸ்பேட் லக்: ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் செட்டுக்கு நல்லது. டெர்மினல் தண்டின் பருமனைக் கேட்டு விற்கவும்.

4. குச்சி பின்: அழுத்திச் செருகும் ஸ்பிரிங் டெர்மினலுக்கு.

1960களிலிருந்து லூகாஸ் டி.வி.எஸ். ஆலை இயங்கும் நம் பாடியில் வாகன வயரிங் லக் புதிதல்ல. இங்கும் அதே விதிதான்: வயருக்கேற்ற லக், லக்குக்கேற்ற கிரிம்பிங் கருவி. கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பிடிப்பு நிற்காது.

சில ஸ்பீக்கர்களின் பின்புறம் நான்கு டெர்மினல்கள் இருக்கும். மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் இணைக்கும் தகடே ஜம்பர். அது தளர்ந்தாலோ தொலைந்தாலோ ட்வீட்டர் அல்லது ஊஃபர் ஒன்றுதான் பாடும். "ஸ்பீக்கர் ரிப்பேர்" என்று வருபவரிடம் முதலில் இதைப் பாருங்கள். தகடு இல்லையென்றால் அதே ஸ்பீக்கர் வயரில் சிறு துண்டுகள் போதும். ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்ளிஃபயர் இணைப்பவர் மட்டும் ஜம்பரைக் கட்டாயம் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டின் அவுட்புட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டுவிடும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. 4 மி.மீ. பனானா பின் நம் வீட்டு 5 ஆம்பியர் பிளக் துளையிலும் நுழையும். சில ஆம்ப்ளிஃபயர்களின் டெர்மினல் துளைகளில் சிவப்பு, கருப்பு அடைப்பான்கள் வருவது, ஐரோப்பாவில் இதே ஆபத்தைத் தடுக்கப் போட்ட விதியால்தான். வயரின் ஒரு முனை ஸ்பீக்கரில் இருக்க, மறு முனையைக் குழந்தை எடுத்துச் சுவரில் செருகினால் 230 வோல்ட். சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு ஸ்பேட் லக்கையே சொல்லுங்கள். ஸ்பீக்கர் வயரில் சாதாரண இரண்டு பின் கரண்ட் பிளக்கை மாட்டித் தரும்படி யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

டெர்மினல் எந்த வகை, வயர் எத்தனை பருமன், வீட்டில் குழந்தை உண்டா? இம்மூன்றையும் கேட்ட பிறகு பெட்டியைத் திறங்கள்.