முதலில் வாடகையைக் கேள், பிறகு விலையைப் பேசு

அன்புள்ள தம்பிக்கு,

சென்னை அசோக் நகரில் வீடு வாங்க, விற்க ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. உன்னிடம் வருகிறவர்களில் பலர் பணிஓய்வுப் பணத்தையோ ஊர் நிலத்தை விற்ற பணத்தையோ கொண்டுவருவார்கள். "வாங்கிப் போட்டால் போதும், வாடகையே கடனை அடைத்துவிடும்" என்பார்கள். அது நடக்குமா என்று காகிதத்தில் போட்டுக் காட்டுவதுதான் உன் முதல் வேலை.

பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று. விலை ஒரு கோடி, வாடகை 28,000 என்று வைத்துக்கொள். இந்த விலைக்கு 75 சதவீதத்துக்கு மேல் கடன் தர ரிசர்வ் வங்கி விதியில் இடமில்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்த 9 லட்சத்தையும் வாங்குபவரே போட வேண்டும். ஆக, கையில் 34 லட்சம் இருக்க வேண்டும். 75 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷம் என்றால், மாதத் தவணை சுமார் 65,000. வருஷத்தில் ஒரு மாதம் வீடு காலி, சொத்து வரி, பெயின்ட், மோட்டார் ரிப்பேர் எல்லாம் போனால் வாடகையில் மாதம் 22,000 நிற்கும். மீதி 43,000 சம்பளத்திலிருந்துதான் போகும். போட்ட மொத்தப் பணத்துக்கு வாடகை தருவது வருஷம் இரண்டரை சதவீதம்கூட இல்லை.

வட்டியும் நின்ற இடத்தில் நிற்காது. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில், வீட்டுக் கடன் வட்டியை ஏற்றி இறக்கும் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. இதே கடன் பத்தரை சதவீதத்துக்குப் போனால் தவணை 75,000. அதையும் தாங்குவாரா என்று கேள். வரிச்சலுகையை நம்பி வருகிறவரிடம், வாடகை வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிப்பதற்குப் பழைய வரி முறையில் 2 லட்சம்தான் வரம்பு என்றும், புதிய முறையில் அதுவும் இல்லை என்றும் சொல்லிவிடு.

குடித்தனக்காரர் தரும் முன்பணத்தை வருமானமாகச் சேர்க்காதே. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகியவர்கள் அதை வீடு வாங்கும் பணத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். அது திருப்பித் தர வேண்டிய கடன். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையையே அதற்கு அளவாக வைத்திருக்கிறது.

அடுத்து, தெருவில் நட. உண்மையான வாடகை விளம்பரத்தில் கிடைக்காது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவருக்கு எந்த வீடு எத்தனை மாதமாகக் காலியாக இருக்கிறது என்று தெரியும். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் மழைவெள்ளம் எதுவரை வந்தது என்று வாட்ச்மேனிடம் கேள். கோடையில் போர்வெல் வற்றுகிறதா, மாதம் எத்தனை லாரி தண்ணீர் வாங்குகிறார்கள் என்று மேல்மாடிக் குடித்தனக்காரரிடம் கேள். 2015-இல் மெட்ரோ ஓடத் தொடங்கியதால் வாடகை கூடும் என்று எல்லாரும் சொல்வார்கள். நிலையத்திலிருந்து அந்த வீட்டுவரை நடந்து பார்த்துவிட்டு நீ சொல்.

பத்திரத்தில் நிலத்தின் பிரிபடாத பாகத்தைப் பார். வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய இந்தப் பகுதியில், பழைய ஃபிளாட்டின் மதிப்பு பெரும்பாலும் அந்த நிலத்தில்தான் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். நிலத்தை நம்பி வாங்குவது தவறில்லை. ஆனால் நிலத்துக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். வாடகைக்காக என்று நினைத்து வாங்கக் கூடாது.

விற்பனை முடிந்தால்தான் உனக்குக் கமிஷன் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், கணக்கு ஒத்துவராத வீட்டை "வேண்டாம் சார்" என்று சொல்லிவிடு. அந்த 34 லட்சம் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பணம்.

அன்புடன்,
உன் அண்ணன்